கால் ஊன்றிய இடத்தில் ஒரு வாய் சோறு

முருகனைக் கும்பிடுகிற எல்லோருக்கும் வணக்கம். நான் நம் தீவில் டாலிகஞ்சில் இருக்கும் செல்வம். ரொட்டிக்கடையில் வேலை. ஐந்தாவதோடு படிப்பை விட்டவன், அதனால் அழகாகச் சொல்ல வராது. எனக்குச் சோறு இறங்காமல் போனதையும், அது மறுபடி இறங்கியதையும் சொல்ல வந்திருக்கிறேன். சில இடங்கள் கேட்க அருவருப்பாக இருக்கும். அதை விட்டுவிட்டுச் சொன்னால் முருகன் எனக்கு என்ன செய்தான் என்பது உங்களுக்கு விளங்காது.

போன கார்த்திகையில் என் அண்ணன் தங்கராசு செத்துப்போனான். எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான்.

ஜனவரி இருபத்தாறுக்கு எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சைக்கிள் பந்தயம் உங்களுக்குத் தெரியும். வேகப் பந்தயம் இல்லை. டாலிகஞ்சில் ஏறி உட்கார்ந்தால் பெரார்கஞ்ச் வரை மலை ரோட்டில் போய்த் திரும்பி வருகிற வரைக்கும் கால் தரையில் படக்கூடாது. பட்டால் அவ்வளவுதான், ஆள் வெளியே. ஏற்றத்திலேயே பாதிப் பேர் கால் ஊன்றிவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்களுக்கு இறக்கம் இருக்கிறது.

இறக்கத்தில் இங்கே எல்லோரும் ஒன்று செய்வோம். இலையோடு ஒரு பெரிய கிளையை வெட்டி, கேரியரில் கயிறு போட்டுக் கட்டி, பின்னால் இழுத்துக்கொண்டே இறங்குவோம். மழையில் பிரேக் கட்டை வழுக்கும். கிளை வழுக்காது. ரோட்டைப் பிடித்துக்கொண்டே வரும். நானும் அண்ணனும் ரொட்டிப் பெட்டியோடு எத்தனையோ தடவை அப்படி இறங்கியிருக்கிறோம். ஆனால் பந்தயத்தில் கிளை கட்டக்கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். கிளை கட்டினால் அது ஆம்பளை ஓட்டுகிற ஓட்டு இல்லையாம்.

அண்ணன் போவதற்குச் சில மாதம் முன்னால் அம்மாவுக்கு மலேரியா வந்து பாயோடு பாயாகக் கிடந்தாள். அண்ணன் வேண்டிக்கொண்டான். அம்மா எழுந்து நடந்தால், ஜனவரிப் பந்தயத்தில் கால் ஊன்றாமல் மலை ஏறி இறங்கி அப்படியே சைக்கிளோடு முருகன் வாசலுக்கு வருகிறேன் என்று. மற்றவர்கள் காவடி எடுப்பார்கள். இவனுக்கு சைக்கிள்தான் காவடி. அம்மா எழுந்து நடந்தாள். அவன் விடியும் முன்னே எழுந்து பழக ஆரம்பித்தான். விதிப்படி கிளை கட்டாமல்தான் பழகினான்.

ஒரு நாள் காலையில் போனவன் வரவில்லை. மத்தியானம் ரோட்டு வேலைக்காரர்களின் ஜீப்பில் அவனைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள் என்று ஆள் வந்து சொன்னான். நானும் அப்பாவும் ஓடினோம்.

உயிர் ஏற்கெனவே போயிருந்தது. அவன் மேலெல்லாம் சின்னச் சின்ன ஓட்டைகள். ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிசாக ரத்தம் கோடு போட்டிருந்தது. அட்டை கடித்த இடங்கள். காட்டு ரோட்டில் மழை நாளில் ஒருத்தன் விழுந்து கிடந்தால் அட்டை சும்மா விடுமா. நான் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். காதுக்குப் பின்னாலிருந்து ஒன்று என் கையில் விழுந்தது. நன்றாகக் குடித்து உருண்டு, கறுப்புத் திராட்சை மாதிரி இருந்தது. உதறினேன். கீழே விழுந்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலேயே மிதித்துவிட்டேன். என் பாதத்துக்கு அடியில் அது உடைந்து, சூடாகத் தெறித்தது. அது அண்ணனுடைய ரத்தம்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் துக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். தட்டில் சோற்றைப் பார்த்தால் ஒவ்வொரு பருக்கையும் நெளிந்தது. குழம்பில் கத்தரிக்காய் மிதந்தால் எழுந்து ஓடிவிடுவேன். வாயில் வைத்தால் கழுத்து வரைக்கும் போய் அப்படியே திரும்பி வரும். இளநீர் வயிற்றில் நின்றது. லால் சாய், பால் ஊற்றாத தேநீர், நின்றது. கடையில் உடைந்த ரஸ்க்கை நனைக்காமல் கடித்தால் கொஞ்சம் நின்றது. வேறு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லாததுதானே என் வியாதி.

சோறு மட்டும் இல்லை. மனிதர்களையே பிடிக்காமல் போயிற்று. துக்கம் கேட்க வந்தவர்கள் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு விரலைச் சப்பினார்கள். சப்பிக்கொண்டே, “நல்ல பையன், வயசு என்ன ஆயிருக்கும்” என்று கேட்டார்கள். எனக்கு அவர்களுடைய பல்லுக்குள் இருக்கிற சோறு தெரிந்தது. அவன் விழுந்து கிடந்தபோது ரோட்டில் போன ஒருத்தன்கூட நிற்கவில்லையே, அட்டைக்கு விட்டுவிட்டுப் போனார்களே என்று நினைப்பேன். தனியாக, முகத்தில் அட்டை ஏற ஏற, அவன் எப்படிக் கிடந்திருப்பான் என்று நினைப்பேன். அந்த நினைப்பு வந்தால் குடித்த தண்ணீரும் வெளியே வரும். என் உடம்பே எனக்கு நாறியது.

அம்மா ஒரு நாள் சொன்னாள், அண்ணன் வேண்டுதல் பாக்கி நிற்கிறது, அதுதான் உன்னைத் தின்கிறது என்று. அவனுக்குப் பதில் நான் ஓட்டினால் தீர்ந்துவிடும் என்று நினைத்தாள். அவனுடைய சைக்கிளை அப்பா நிமிர்த்தி வைத்திருந்தார். கேட்டுவிடலாம் என்று கோயில் காரியங்களைக் கவனிக்கிற பெரியவரிடம் போனோம். தீட்டு வீடு என்று எங்களைக் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்துப் பேசினார். வாய் நிறைய வெற்றிலை.

“துக்க வருஷம்மா. மலை ஏறப்படாது. ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் தம்பி தாராளமா ஓட்டட்டும்.”

“ஏங்க, இந்த ஊர்ல கொழாத் தண்ணி புடிக்கப் போறதுன்னாலும் மேடுதான் ஏறணும். ஒரு வருஷம் தண்ணி குடிக்காம கெடக்கவா?”

“அது வேற மலை, இது வேற மலைம்மா.”

“எது எந்த மலைன்னு போர்டு போட்டுருக்கா?”

பெரியவர் பக்கத்தில் துப்பினார். மண்ணில் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எனக்குக் குமட்டிவிட்டது. அவர் வாசலிலேயே வாந்தி எடுத்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. எங்களுக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னார். ஆனால் என்னால் ஒரு வருஷம் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. நடந்தால் கண் இருட்டியது. அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே, “மலையோ மடுவோ, நீ ஓட்டுடா” என்றாள்.

குடியரசு தினத்தன்று காலையில் கோயில் மதில் பக்கத்தில் நின்றேன். உள்ளே போகக்கூடாது. வெளியே நின்று கும்பிட்டேன். நான் என்ன கேட்டேன் என்பதை அப்படியே சொல்கிறேன், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

“முருகா, உன்ன நெனச்சாலே எனக்குப் பிடிக்கல. உனக்குச் சைக்கிள் ஓட்டறேன்னவன நீ அட்டைக்குக் குடுத்துட்ட. எனக்குப் பிரைஸ் வேணாம். அவன் வேண்டுதலையும் நான் தீர்ப்பனான்னு தெரியல. ஒரு வாய் சோறு எறங்கட்டும். ஒரே ஒரு வாய். இல்லைன்னா என்னையும் எடுத்துக்க.”

அதுதான் என் ஜெபம். பூ இல்லை, சூடம் இல்லை.

புறப்படுகிற இடத்தில் கூட்டம். ஒலிபெருக்கியில் பாட்டு. வடை எண்ணெய் நாற்றம். சிகரெட்டுப் பாக்கெட்டை வைத்துப் பந்தயம் கட்டினார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தன் சிரித்தான்.

“டேய் செல்வம், பாக்கெட்ல கல்லு ரெண்டு போட்டுக்கடா. காத்தடிச்சா சைக்கிள் நிக்கும், நீ கடல்ல கெடப்ப.”

“இவன் மேல யாராச்சும் கட்டறீங்களா?”

“இவன் மேலயா? பாதி ரோட்டுல எறும்பு தூக்கிட்டுப் போயிரும்.”

அவர்களுக்கு நான் யார் தம்பி என்று தெரியும். தெரிந்துதான் சொன்னார்கள். அப்புறம் மைக்கில் சொன்னார்கள், இந்த வருஷம் இறக்கத்தில் கிளை கட்டிக்கொள்ளலாம், போன வருஷத்து விதியை எடுத்துவிட்டோம் என்று. கை தட்டினார்கள். எனக்கு வந்த அருவருப்பை எப்படிச் சொல்வது. என் அண்ணன் ஒருத்தன் செத்த பிறகு கிளை கட்டுவது ஆம்பளைக்கு ஆகிவிட்டது. மைக் பிடித்தவர் முகத்தில் துப்பலாம் போல இருந்தது. வாயில் எச்சில்கூட இல்லை.

ஓட்ட ஆரம்பித்தேன். காராச்சர்மா வரைக்கும் ஒன்றும் இல்லை. அப்புறம் ரோடு மேலே போக ஆரம்பித்தது. முன்னால் போனவர்கள் நின்று மிதித்தார்கள். எனக்கு நிற்கத் தெம்பு இல்லை, உட்கார்ந்தே மிதித்தேன். ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் என்று குறுக்கும் நெடுக்குமாக வளைந்து வளைந்து ஏறினேன். அண்ணன் சொல்லிக்கொடுத்தது அது. மெதுவாகப் போனால் ஏற்றம் பாதியாகும். ஒவ்வொருத்தராகக் கால் ஊன்றி உட்கார்ந்துவிட்டார்கள். சிலர் என்னைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை. செயின் எண்ணெய் நாற்றமும், என் வேர்வை நாற்றமும், மட்கின இலை நாற்றமும்தான். முந்தின நாள் தை மாதத்தில் இல்லாத மழை ஒன்று அடித்துவிட்டுப் போயிருந்தது. ரோட்டோரம் ஈரம்.

ஒரு திருப்பத்தில் மேலே இரண்டு மூன்று பெங்காலிக் குடும்பங்களின் வீடுகள் இருக்கும். கவர்ன்மெண்ட் நிலம் கொடுத்துக் குடியேற்றினவர்கள். அந்தத் திருப்பத்தின் கீழேதான் அண்ணன் விழுந்தான் என்று மட்டும் ஜீப்காரர் சொல்லியிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று முடிவு பண்ணித்தான் வந்தேன். பார்க்காமல்தான் மிதித்தேன். அப்போது கணுக்காலில் குளிர்ச்சியாக ஏதோ ஏறியது.

குனிந்து பார்த்தேன். அட்டை. மெல்லிசாக, நூல் மாதிரி, தலையைத் தூக்கித் தேடிக்கொண்டிருந்தது.

நான் கத்தினேனா என்று தெரியவில்லை. சைக்கிளைப் போட்டுவிட்டுக் குதித்தேன். இரண்டு காலும் தரையில். அவ்வளவுதான். வேண்டுதலும் போயிற்று, எல்லாம் போயிற்று. ரோட்டோரம் மண்டியிட்டு வாந்தி எடுத்தேன். வெறும் தேயிலைத் தண்ணீர். அப்புறம் மஞ்சளாக வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. அண்ணன் கிடந்த இடத்திலேயே நானும் கிடந்து போகிறேன், நான் இரண்டாவதாகக் கேட்டதை முருகன் கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன்.

மேலேயிருந்து ஒரு பொம்பளை இறங்கி வந்தாள். நடு வயசு. கை நிறைய உப்பு வைத்திருந்தாள். என் கணுக்காலில் தூவினாள். அட்டை சுருண்டு விழுந்தது. மற்றக் காலையும் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவள் பேசியது இந்தி, நடுநடுவே பெங்காலி. எனக்குப் புரிந்தபடி நம் பேச்சில் சொல்கிறேன், பேட்டா என்றால் மகனே.

“பேட்டா, நீ அந்தப் பையனோட தம்பியா?”

“எந்தப் பையன்?”

“மழைல இங்க விழுந்தவன். உனக்கு அவன் மூஞ்சிதான்.”

தலையாட்டினேன். அவள் என் பக்கத்திலேயே ரோட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

“சத்தம் கேட்டு நாங்க வந்தப்ப மூச்சு இருந்துச்சு. என் வீட்டுக்காரர் ஜீப் கேக்க ரோட்டு வேல நடக்கற எடத்துக்கு ஓடினார். தூக்க முடியல, எங்க தொட்டாலும் வலில முனகினான். நான் இங்கதான் உக்காந்தேன். அட்டை வந்துட்டே இருந்துச்சு. மூஞ்சில மட்டும் ஏற விடல. உப்பு இருந்த வரைக்கும் உப்பு. அப்புறம் கையாலயே எடுத்தேன். ஒண்ணெடுத்தா ரெண்டு வரும். காலெல்லாம் என்னால பாக்க முடியல பேட்டா. மூஞ்சிய மட்டும் பாத்துக்கிட்டேன்.”

நான் காதைத் தொட்டுக் காட்டினேன். “இங்க ஒண்ணு இருந்துச்சு.”

“பின்னாலயா?” அவள் முகம் சுருங்கிவிட்டது. “அத நான் பாக்கலியே. தலைய மடில வெச்சிருந்தேன், அதான் தெரியல.”

“மடியிலயா?”

“பின்ன, சேத்துலயா போடுவாங்க? ‘அம்மா, அம்மா’ன்னான். எங்க பாஷைலயும் கிட்டத்தட்ட அதேதான். இங்கதான் இருக்கேன்னேன். துளசி போட்ட தண்ணி வாயில விட்டேன். முழுங்கினான். அதுக்கப்புறம்தான் போனான்.”

ஜீப் வந்ததும் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்களாம். யார் பிள்ளை, எங்கே வீடு என்று இவளிடம் யாரும் சொல்லவில்லை. கேட்கவும் இவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்குக் குளித்துவிட்டு, கொஞ்ச நாள் வீட்டில் மீன் ஆக்கவில்லையாம். பெங்காலி வீட்டில் மீன் ஆக்காமல் இருப்பது என்றால் என்ன என்று நம் ஊரில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லாமலேயே என் அண்ணனுக்கு இவள் தீட்டு காத்திருக்கிறாள்.

நான் அழுதேன். ஆஸ்பத்திரியிலும் சுடுகாட்டிலும் வராத அழுகை. அவள் என்னை எழுப்பி மேலே கூட்டிப் போய்த் தாழ்வாரத்தில் உட்கார வைத்தாள். அவளுக்குச் சாப்பாட்டு நேரம். தண்ணீர் ஊற்றின சோறு, உப்பு, பச்சை மிளகாய், ரெண்டு சொட்டுக் கடுகெண்ணெய்.

“சாப்பிடறியா?”

“வேணாம் மாஷி. எறங்காது.” அவர்களில் சின்னம்மாவை மாஷி என்பார்கள். ஏன் அப்படிக் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது.

அவள் வற்புறுத்தவில்லை. எதிரே உட்கார்ந்து பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். நான் அந்தக் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கில் சோறு வழிந்தது. அண்ணன் முகத்திலிருந்து ஒவ்வொன்றாக அட்டையைப் பிடுங்கின விரல்கள் அவை. முந்தின நாள் வரைக்கும் இப்படி ஒன்றைச் சொல்லிச் சாப்பிடச் சொன்னால் நான் செத்தே போயிருப்பேன். வயிறு புரளும் என்று காத்திருந்தேன். புரளவில்லை. பசித்தது. என் வயிறு சத்தம் போட்டது, அவளுக்கும் கேட்டிருக்கும்.

“மாஷி, எனக்கும் கொஞ்சம்.”

வேறு தட்டு எடுக்க எழுந்தாள். “இல்ல, உங்க கையில இருக்கறது” என்றேன். ஒரு மாதிரி பார்த்தாள். பிசைந்ததை உருட்டி என் வாயில் வைத்தாள். மென்றேன். பருக்கை பருக்கையாகத்தான் இருந்தது. நெளியவில்லை. விழுங்கினேன். திரும்பி வருமென்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

“இன்னொண்ணு?” என்றாள்.

“இருங்க. இது எறங்கிருச்சான்னு பாத்துக்கறேன்.”

“எறங்கிருச்சு, எறங்கிருச்சு. தொண்டை எலும்பா இருக்கு, எல்லாம் வெளியவே தெரியுது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கார்த்திகைக்கு அப்புறம் முதல் தடவை.

சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கி வந்தேன். யாரோ ஒருத்தன் ஜெயித்துவிட்டான், யார் என்று கேட்கவில்லை. அம்மா வாசலில் நின்றாள். கால் ஊன்றினாயா என்று கேட்கவில்லை. என் வாய்ப்பக்கம் முகத்தைக் கொண்டுவந்து மோந்து பார்த்தாள்.

“என்னடா, கடுகெண்ணெ நாத்தம்?”

“சோறு சாப்பிட்டேம்மா.”

“பொய் சொல்லாத.”

“வெச்சிப் பாரு.”

அம்மா ரசம் ஊற்றிப் பிசைந்து கொண்டுவந்தாள். அப்பா பக்கத்தில் ஒரு சட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், வாந்தி எடுத்தால் பிடிக்க. சட்டி தேவைப்படவில்லை. அப்புறம் மாஷி சொன்னதையெல்லாம் சொன்னேன். மடியில் வைத்திருந்தாள் என்ற இடத்தில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரமே அம்மா மலை ஏறினாள். துக்க வருஷம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு இந்தி வராது, மாஷிக்குத் தமிழ் வராது. இரண்டு பேரும் திருப்பத்துக்குக் கீழே அந்த இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். எப்படிக் கிடந்தான் என்று மாஷி தன் மடியைத் தொட்டுக் காட்டினாள். அம்மா அந்த மடியில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். நான் தள்ளி நின்றேன்.

இப்போது நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். கத்தரிக்காய் மட்டும் இன்னும் ஆகாது. மனிதர்கள் மேல் இருந்த அருவருப்பு முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். அன்று மைக் பிடித்தவர் ரொட்டி வாங்க வந்தால் இன்றைக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டேன். ஆனால் ரோட்டில் போன ஒருத்தரும் நிற்கவில்லை என்று இனி என்னால் சொல்ல முடியாது. என் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது அந்தப் பொய்தான். அதை முருகன் எடுத்துப் போட்டுவிட்டான். பெரார்கஞ்ச் பக்கம் ரொட்டி கொண்டு போகும்போதெல்லாம் மாஷி வீட்டில்தான் எனக்கு மத்தியானச் சாப்பாடு.

அண்ணன் வேண்டுதல் பாக்கிதானே என்று பெரியவர் கேட்டார். பாக்கியாக இருந்தால் அது அண்ணனுக்கும் முருகனுக்கும் உள்ளது. இரண்டு பேரும் இப்போது பக்கத்தில் பக்கத்தில்தான் இருப்பார்கள், பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல யாராவது இருப்பீர்கள். செத்தவர்களை நினைத்து வயிறு புரண்டு, சாமி படத்தைக்கூடத் திருப்பி வைத்திருப்பீர்கள். உங்களுக்குத்தான் சொல்கிறேன். குளித்து, மனசைச் சுத்தம் பண்ணிக்கொண்டு, அப்புறம் கேட்கலாம் என்று காத்திருக்காதீர்கள். வாயில் என்ன நாற்றம் இருக்கிறதோ அதோடு கேளுங்கள். திட்டிக்கொண்டே கேளுங்கள். நான் கேட்டது அப்படித்தான். அவன் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.